கை ஒருவருடையது, கட்டளை வேறொருவருடையது: இயந்திர நிகழ்த்துகலையை எப்படிப் புரிந்துகொள்வது?

செல்போனில் அவ்வப்போது சுற்றி வரும் ஒரு காட்சி. வெற்றுடம்போடு ஒருவர் நிற்கிறார். உடம்பெங்கும் ஒயர். வலது கையை ஒட்டி மூன்றாவதாக ஓர் உலோகக் கை. அவருடைய இடது கை வெடுக்கென்று மேலே போகிறது, விழுகிறது, மறுபடி மேலே போகிறது. முகத்தைப் பார்த்தால், அந்தக் கைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல இருக்கிறது.

பார்த்தவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். இது நிஜமா, கிராஃபிக்ஸா? நிஜம் என்றால் இதை எப்படிக் கலை என்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை சுலபம்: நிஜம்தான். இரண்டாவதைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம். அதற்கு முன்னால், எந்தக் கை யார் சொல்லி அசைகிறது என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் கலையா இல்லையா என்று வாதாடுவது, ஆட்டத்தின் விதி தெரியாமல் அம்பயரைத் திட்டுவது மாதிரி.

அந்த மனிதர் ஸ்டெலார்க். 1946-ல் சைப்ரஸின் லிமசோல் நகரில் ஸ்டெலியோஸ் ஆர்க்காடியூ என்ற பெயரில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1970-ல் ஜப்பானுக்குப் போய் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இந்தத் துறையில் வேறு பலர் உண்டு. ஆனால் உடலும் இயந்திரமும் சேரக்கூடிய எல்லா வழிகளையும் தன் ஒரே உடம்பில் முயன்று பார்த்தவர் இவர். அதனால் இவரை வைத்தே விளக்குவது எளிது.

முதலில் ஒரு சொல்

நிகழ்த்துகலை என்றதும் நமக்குக் கூத்தும் நாடகமும் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது அதுவல்ல. கூத்தில் துரியோதனன் செத்தால் நடிகர் எழுந்து வேஷம் கலைத்து டீ குடிக்கப் போவார். ஓவியம், சிற்பம் படித்தவர்கள் 1960-களில் முன்னெடுத்த இந்த வகையில் வேஷம் கிடையாது. நிற்பவர் அவராகவே நிற்கிறார். வலித்தால் அவருக்கே வலிக்கிறது. ஓவியனுக்குத் துணி எப்படியோ, இவர்களுக்கு உடம்பு அப்படி.

இயந்திரம் இதற்குள் வந்ததும் அதே காலத்தில்தான். 1960 மார்ச் 17 அன்று நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்தில், ஸ்விட்சர்லாந்துச் சிற்பி ஜான் டிங்கெலி பழைய சைக்கிள் சக்கரங்கள், மோட்டார்கள், ஒரு பியானோ எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய இயந்திரம், தன்னைத்தானே உடைத்துக்கொள்ளத் தொடங்கியது. 27 நிமிடம் ஓடியது. தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர் குறுக்கிட வேண்டி வந்தது. அங்கே இயந்திரம் தனியாக ஆடியது, மனிதர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். அந்த இடைவெளி மூடும்போதுதான் நம் கதை தொடங்குகிறது.

வெளியே போகும் மின்சாரம்

நீங்கள் விரலை மடக்கும்போது தசையில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. தோலின் மேல் எலக்ட்ரோடு (மின்சாரத்தைப் பிடிக்கும் சிறு பட்டை) ஒட்டி அளந்தால் அதிகபட்சம் சில மில்லிவோல்ட் இருக்கும். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி 1.5 வோல்ட், அதாவது 1500 மில்லிவோல்ட் என்பதை வைத்து இதன் சிறுமையை யூகித்துக்கொள்ளலாம். இந்தச் சமிக்ஞைக்கு ஈ.எம்.ஜி. என்று பெயர். நரம்பு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனையும் இதே சங்கதிதான்.

இதை வைத்து இயந்திரத்தை ஓட்டுவது இப்படி:

1. தோலில் ஜெல் தடவி எலக்ட்ரோடு ஒட்டுகிறார்கள். தசை இறுகும்போது சமிக்ஞை வருகிறது.
2. அதைப் பல மடங்கு பெருக்கி, இரைச்சலை வடிகட்டுகிறார்கள்.
3. ஓர் எல்லை வைக்கிறார்கள். சமிக்ஞை அதைத் தாண்டினால் மோட்டார் ஓடும், தாண்டாவிட்டால் ஓடாது.

ஸ்டெலார்க்கின் ‘மூன்றாவது கை’ இந்த அடிப்படையில் வேலை செய்தது. டோக்கியோவின் வாசெடா பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு மாதிரியைப் பின்பற்றிச் செய்து, 1980-ல் முடித்தார்கள். பிடிக்கும், விடும், மணிக்கட்டை 290 பாகை வரை திருப்பும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இது கை இழந்தவருக்கான செயற்கைக் கை இல்லை. இரண்டு கையும் நன்றாக இருக்கும் ஆள் கூடுதலாக மாட்டிக்கொண்ட கை.

அப்படியென்றால் அதற்குக் கட்டளை எங்கிருந்து போகும்? வலது கைத் தசையிலிருந்து எடுத்தால், வலது கை அசையும்போதெல்லாம் மூன்றாவதும் சேர்ந்து அசைந்துவிடும். ஆகவே வயிற்றுத் தசையிலிருந்தும் கால் தசையிலிருந்தும் எடுத்தார். வயிற்றை இறுக்கினால் விரல் மூடுகிறது. யோசித்துப் பாருங்கள், சட்டைப் பொத்தான் போடத் தொடையை இறுக்கப் பழகுவது எவ்வளவு நாள் வேலை என்று.

1982-ல் டோக்கியோவில் ஒரு கேலரியில் மூன்று கைகளாலும் ஒரே நேரத்தில் எழுதிக் காட்டினார். ‘எவல்யூஷன்’ என்ற ஆங்கிலச் சொல், ஒன்பது எழுத்து. ஒவ்வொரு கையும் ஆளுக்கொரு எழுத்தாக மும்மூன்றாக எழுதிப் போக வேண்டும். மூன்று பேனா முனையையும் கண் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதே நேரத்தில் வயிற்றையும் காலையும் மறக்கக் கூடாது. எழுத்து கோணல்மாணல்தான். ஆனால் பரிணாமம் என்று பொருள்படும் சொல்லை மூன்று கையால் எழுதிய குறும்பை நான் ரசிக்கிறேன்.

அந்தக் கையை நிரந்தரமாகவே மாட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. நடக்கவில்லை. காரணம் மோட்டாரோ பேட்டரியோ இல்லை. எலக்ட்ரோடு ஜெல் பட்டுப் பட்டுத் தோல் எரிச்சல் கண்டது. கையின் கனமும் தாங்கவில்லை. இந்தச் சின்னத் தகவலை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உள்ளே வரும் மின்சாரம்

இப்போது அம்பைத் திருப்புவோம். தசையிலிருந்து மின்சாரம் எடுப்பதற்குப் பதிலாகத் தசைக்கு மின்சாரம் கொடுத்தால்?

இது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். முட்டிவலி, பக்கவாதம் என்று பிசியோதெரபிக்குப் போனவர்கள் ‘கரண்ட் வைத்தார்கள்’ என்பார்கள். சில கருவிகள் வலியை மட்டுப்படுத்த வெறும் குறுகுறுப்பு தரும். இன்னும் சில, தசையை இறுகவே வைக்கும். அந்த இரண்டாம் வகைதான் இங்கே பயன்படுவது. சிறு சிறு துடிப்பாக மின்சாரம் போகும்போது தோலுக்கடியில் உள்ள இயக்க நரம்பு தூண்டப்பட்டு, மூளையிலிருந்து உத்தரவு வந்ததாகவே எண்ணித் தசையை இறுக்குகிறது. நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், கை தானாக மடங்கும்.

ஸ்டெலார்க் பயன்படுத்திய கருவி 0 முதல் 60 வோல்ட் வரை கொடுக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால் 60 என்றதும் பயம் வரலாம். ஆபத்து வோல்ட்டை மட்டும் பொறுத்ததில்லை. எவ்வளவு மின்னோட்டம் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதையும் பொறுத்தது. ஒரே கையில் அருகருகே ஒட்டிய இரண்டு பட்டைகளுக்கு நடுவே, நொடியின் சிறு பங்கு மட்டும் ஓடும் துடிப்பு இதயத்தின் பக்கம் போவதில்லை. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் முயல வேண்டாம். நெஞ்சின் குறுக்கே வைத்தாலோ, பேஸ்மேக்கர் உள்ளவர் வைத்தாலோ விஷயமே வேறு.)

1996-ல் ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் அவர் செய்த நிகழ்ச்சியின் பெயரே ‘பிளவுபட்ட உடல்: உள்ளே வரும் வோல்ட்டேஜ், வெளியே போகும் வோல்ட்டேஜ்’. முதலில் சொன்ன காட்சிக்கான சாவி இந்தப் பெயரில் இருக்கிறது. வலப்பக்கம், அவர் தசையை இறுக்குவதால் உலோகக் கை அசைகிறது. இடப்பக்கம், வெளியிலிருந்து வரும் துடிப்பால் அவருடைய சொந்தக் கை அசைகிறது. அதாவது உலோகக் கைதான் அவர் சொன்னபடி கேட்கிறது, சதைக் கை கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் நேர்மாறாக நினைத்துக்கொள்கிறார்கள், அதில்தான் குழப்பமே.

நம் ஊரில் உடம்பு தன் வசமில்லாமல் ஆடினால் சாமி வந்திருக்கிறது என்போம். யார் வந்திருப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒரு முறை இருக்கிறது. இங்கே அதே கேள்விக்கு வரும் பதில்தான் விசித்திரம்.

பொத்தான் யார் கையில்?

1995 நவம்பரில் ஸ்டெலார்க் லக்ஸம்பர்க்கில் நின்றார். பாரிஸின் பொம்பிடூ மையம், ஹெல்சிங்கியின் மீடியா லேப், ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு மாநாடு ஆகிய மூன்று இடங்களிலிருந்து மக்கள் தொடுதிரையில் ஓர் உடலின் படத்தைத் தொட்டார்கள். கையைத் தொட்டால் லக்ஸம்பர்க்கில் கை எழும்பியது. ஸ்மார்ட்போன் பிறக்காத, தொலைபேசி லைனில் மோடம் கிரீச்சிட்ட காலம் அது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிட்னியில் இன்னொரு படி போனார். இந்த முறை அந்தப் பக்கம் ஆளே இல்லை. ‘பிங்’ என்பது வலைப்பின்னலில் ஒரு கணினி இன்னொரு கணினியைத் தட்டிக் கூப்பிடும் செய்தி. தட்டியதற்குப் பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளப்பார்கள். ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் ‘பிங் ஏறிடுச்சு’ என்று புலம்புவதும் இதே பிங்தான். உலகின் பல மூலைகளில் இருந்த கணினிகளுக்கு பிங் அனுப்பி, 0 முதல் 2000 மில்லிநொடி வரை வந்த விடைகளை 0 முதல் 60 வோல்ட்டாக மாற்றித் தன் தோள், கை, கால் தசைகளுக்குக் கொடுத்தார். எங்கோ லைனில் நெரிசல் கூடினால் சிட்னியில் ஒருவர் தோள் எகிறும். ஆட்டுவிப்பவர் யார் என்றால், யாருமில்லை. தூரமும் நெரிசலும்தான்.

பார்வையாளர் கையில் அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று முன்பே ஒருவர் சோதித்திருந்தார். 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் மரீனா அப்ரமோவிச் என்ற நிகழ்த்துகலைஞர் 72 பொருட்களை மேசைமேல் வைத்து, ஆறு மணி நேரம் அவற்றைக் கொண்டு பார்வையாளர்கள் தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நின்றார். ரோஜாவும் இருந்தது, துப்பாக்கியும் அதற்கு ஒரு குண்டும் இருந்தன. துப்பாக்கி கடைசியில் அவரை நோக்கித் திரும்பவும் செய்தது. அங்கே தொடுபவர் அவர் கண்ணைப் பார்க்கும் தூரத்தில் இருந்தார். இயந்திரம் இடையில் வந்தால் அந்தத் தூரம் தேவையில்லை.

ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த மார்செல்-லி அந்தூனெஸ் ரோகா 1994-ல் செய்த ‘எபிசூ’ இதற்கு நல்ல சான்று. அவர் உடம்பில் காற்றழுத்தத்தால் இயங்கும் கொக்கிகளையும் பட்டைகளையும் மாட்டிக்கொண்டு நிற்பார். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து கணினி மவுஸைப் பிடித்து, திரையில் உள்ள உருவத்தின் மூக்கைச் சொடுக்கினால் அவர் மூக்கு இழுபடும். காது, வாய், மார்பு, பிட்டம் எல்லாமே அப்படித்தான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சொடுக்குபவர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார். ஸ்டெலார்க்கின் படைப்புகளைவிட இதுதான் எனக்கு அதிகச் சங்கடம் தருகிறது, சிரிப்பு வருவதால்.

ஆறு கால் பூச்சிமேல் ஒரு மனிதன்

மூன்றாவது வழி, உடலை இயந்திரமே சுமப்பது. 1998-ல் ஹாம்பர்க்கில் அரங்கேறிய ‘எக்ஸோஸ்கெலிட்டன்’ 600 கிலோ எடை. பூச்சி மாதிரி ஆறு கால், நடுவில் சுழலும் மேடை, அதன்மேல் ஸ்டெலார்க். பஞ்சர் கடையில் கம்ப்ரசர் ஓடுமே, அதே அழுத்தப்பட்ட காற்றுதான் இதன் கால்களுக்கு உயிர். கையை அவர் அசைக்கும் விதத்தைப் பொறுத்துக் கால்கள் முன்னே, பின்னே, பக்கவாட்டில் நடக்கும், நின்ற இடத்தில் திரும்பும், குந்தி எழும். காற்று வெளியேறும் சீறல், வால்வு தட்டும் ஓசை, உலோகம் தரையில் மோதும் சத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் இசை.

இதில் கவனிக்க வேண்டியது, கையசைவு காலசைவாக மாறுவது. நம் உடம்பில் கைக்கு என்று இருக்கும் பழக்கமும் காலுக்கு என்று இருக்கும் பழக்கமும் வேறு. அதைக் குறுக்கே மாற்றிக் கட்டினால், நாற்பது ஐம்பது வருடம் நடந்து பழகியவரும் நடையைப் புதிதாகக் கற்க வேண்டும்.

இந்த வழியைப் பார்வையாளர் பக்கம் திருப்பியவர்கள் கனடாவின் பில் வோர்னும் லூயி-ஃபிலிப் டெமேர்ஸும். 2015-ல் வந்த அவர்களுடைய ‘இன்ஃபெர்னோ’வில் மேடைக்கு வருபவர்களே இயந்திரக் கூட்டை முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் அவர்கள் கை எப்போது உயரும் என்பதை இயந்திரம் முடிவு செய்கிறது.

‘அலகு குத்துவது போலத்தானே?’

ஸ்டெலார்க் 1976 தொடங்கி 1980-களின் இறுதிவரை, முதுகிலும் காலிலும் கொக்கி குத்திக்கொண்டு அந்தரத்தில் தொங்கும் நிகழ்ச்சிகளைச் செய்தார். 1984-ல் நியூயார்க்கில் தெருவுக்கு மேலே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தொங்கியபோது போலீஸ் வந்து நிறுத்தியது. அடுத்த ஆண்டு கோப்பன்ஹேகனில் கிரேனில் ஏறி அரச நாடக அரங்குக்கு மேலே உயரத்தில் தொங்கினார்.

தமிழர் யார் பார்த்தாலும் பறவைக் காவடி நினைவுக்கு வரும். திருவிழாவில் லாரியின் முன்னால் கொக்கியில் தொங்கி வருபவரை நாம் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். தோல் எவ்வளவு எடை தாங்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்த அளவு கலை விமர்சகர்களுக்குத் தெரியாது. ஆனால் உடல்ரீதியாக ஒன்று போலத் தெரிவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. காவடிக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, விரதம் இருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முருகன் இருக்கிறான், கூட ‘வேல் வேல்’ என்று வரும் சனம் இருக்கிறது. ஸ்டெலார்க்குக்கு இதில் எதுவும் கிடையாது, சமயச் சடங்கு என்ற விளக்கத்தையும் அவர் ஏற்பதில்லை. அவர் தன் உடம்பை ‘என் உடல்’ என்றுகூடச் சொல்ல மாட்டார். ‘இந்த உடல்’ என்பார், மேசை நாற்காலியைச் சொல்வது போல.

அழவைத்த ரோபோ

பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்திவிடலாம், ஏனென்றால் குழப்பம் அதிகம் அங்கேதான். தரையில் கசியும் ரத்தச் சிவப்புத் திரவத்தைத் துடைத்துத் துடைத்து வாரும் ரோபோ கையின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘அந்தத் திரவம்தான் அதன் உயிர், அது தீர்ந்து ரோபோ 2019-ல் செத்துப்போனது’ என்று கூடவே ஒரு கதையும் வரும்.

சீனக் கலைஞர்களான சுன் யுவானும் பெங் யூவும் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக 2016-ல் செய்தது அது. கூகா நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோ. அது மின்மோட்டாரில் ஓடுவது. அந்தத் திரவம் நிறமேற்றிக் கெட்டியாக்கிய தண்ணீர், ரோபோவின் இயக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2019-ல் வெனிஸ் கண்காட்சியில் இருந்தது. காட்சி முடிந்தது, நிறுத்தினார்கள். சொறிவது, குனிந்து வணங்குவது என்று 32 அசைவுகளை அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மனிதச் சாயல் கொண்ட அந்த அசைவுகளைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கானோர் கண் கலங்கினார்கள். உயிரற்ற கை சொன்னபடி ஆடினால் அழுகிறோம். உயிருள்ள கை பிறர் சொன்னபடி ஆடினால் கிராஃபிக்ஸா என்று கேட்கிறோம்.

கேலரியிலிருந்து மணிக்கட்டுக்கு

இதெல்லாம் நாலு பேர் கேலரியில் செய்யும் கிறுக்கு என்று ஒதுக்க முடியாமல் போனதற்குக் காரணம், இதே தொழில்நுட்பம் கடைக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மெட்டா நிறுவனம் அறிவித்த கண்ணாடியோடு ஒரு மணிக்கட்டுப் பட்டையும் வருகிறது. தசையின் ஈ.எம்.ஜி. சமிக்ஞையைப் படித்து, விரலைச் சேர்த்தால் ஒரு கட்டளை, தேய்த்தால் வேறு கட்டளை என்று கண்ணாடியை இயக்குகிறது. மூன்றாவது கையில் பார்த்த அதே மூன்று படிகள், எல்லையை வைக்கும் வேலை மட்டும் மென்பொருளுக்குப் போய்விட்டது.

இப்படி ஒரு கருவி கைக்கு வந்தால் கேட்க வேண்டியவை:

1. மின்சாரம் எந்தத் திசையில் போகிறது? உடலைப் படிக்கிறதா, உடலுக்குச் சொல்கிறதா? ஒரே பட்டையில் இரண்டும் சாத்தியம்.
2. அந்த எல்லையை வைத்தது யார்? எந்த அசைவு கட்டளை, எது வெறும் அசைவு என்று தீர்மானிப்பது அதுதான்.
3. நிறுத்தும் சுவிட்ச் எங்கே? அணிந்தவர் கையிலா, வேறு ஊரிலா?

ஸ்டெலார்க் இந்தக் கேள்விகளை 1995-லேயே தன் உடம்பில் எழுப்பிவிட்டார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து பெர்த் நகரில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என இன்னொரு நிகழ்ச்சி செய்தார். லண்டனில் ஒருவர் பார்ப்பதை இவர் கண் முன் திரையில் பார்த்தார். நியூயார்க்கில் ஒருவர் கேட்பதைக் காதில் கேட்டார். வலது கையை இயந்திரக் கூட்டின் வழியாக யார் வேண்டுமானாலும் அசைக்கலாம். நிற்பது மட்டும்தான் பெர்த்தில்.

காலாவதியான உடல்?

‘உடல் காலாவதியாகிவிட்டது’ என்பது ஸ்டெலார்க் பல காலம் சொல்லி வரும் வாசகம். தகவலும் வேகமும் கூடிய உலகுக்கு இந்த எலும்பும் சதையும் போதாது, மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் வாதம். படைப்புகளை வரிசையாகப் பார்த்தால் எனக்கு அந்த வாசகத்தை நம்ப முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி வார்த்தை உடம்பினுடையதாகவே இருந்திருக்கிறது.

மூன்றாவது கையை ஜெல் எரிச்சல் தோற்கடித்ததைப் பார்த்தோம். 1993-ல் தன் வயிற்றுக்குள் வைப்பதற்காக ஒரு சிற்பம் செய்தார். டைட்டானியம், எஃகு, வெள்ளி, தங்கம். மூடியிருக்கும்போது 5 சென்டிமீட்டர் நீளம், உள்ளே போய் விரிந்து விளக்கு மினுக்கி ஒலி எழுப்பும். அதை வைக்க எட்டு மணி நேரம் பட்டினி கிடந்து, இரைப்பையைக் காற்றடித்து உப்ப வைத்து, எண்டோஸ்கோப்பி குழாயோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் குமட்டல் தெரியும்.

காது கதை இதையெல்லாம் மிஞ்சியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையான பகுதியின் உட்புறத்தில் ஒரு காது வளர்க்க வேண்டும் என்று பல வருடம் டாக்டர் தேடினார். 2006-ல், அவருக்கு அறுபது வயதாகும்போது, அறுவை சிகிச்சை நடந்தது. தோலுக்கடியில் ஒரு பையை வைத்து, அதில் சலைன் ஏற்றி ஏற்றித் தோலை நீட்டினார்கள். பிறகு காது வடிவில் நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் சட்டத்தை உள்ளே வைத்தார்கள். துளைகள் வழியாக அவருடைய திசு வளர்ந்து அதைப் பற்றிக்கொண்டது. இரண்டாவது அறுவையில் காதுக்குள் குட்டி மைக் ஒன்றை வைத்தார்கள். அதை இணையத்தோடு இணைத்து, உலகில் யார் வேண்டுமானாலும் அந்தக் கைக்காது கேட்பதைக் கேட்கலாம் என்பது திட்டம்.

அறுவை மேசையிலேயே மைக்கைச் சோதித்தார்கள். கையில் கட்டு, சர்ஜன் வாயில் முகக்கவசம். அவர் பேசியது ஒயரில்லாமல் தெளிவாக வந்தது. சில வாரங்களில் கிருமித்தொற்று கடுமையானது, மைக்கை எடுத்துவிட்டார்கள். 2010-ல் அந்தக் காதுக்கு ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா பரிசு கிடைத்தது. காது இன்றும் அவர் கையில்தான் இருக்கிறது, ரத்த ஓட்டத்தோடு, தொட்டால் தெரியும் தோலோடு. காதுதான் கேட்காது.